ஒரே ஒயரில் நாலு நோடு, நாலு வால்ஷ் கோட்: ஒண்ணு ஓடினால் சரி, ரெண்டு ஓடினால் குப்பை

ஆழியாறு_யூனோ (பொள்ளாச்சி)

வணக்கமுங்க. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்குத் தென்னந்தோப்பில் சிடிஎம்ஏ (ஆளுக்கொரு கோட் கொடுத்து, ஒரே லைனில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச விட்டுப் பிரிக்கிற முறை) செய்து காட்டணும். கிணறு, போர், மேல்தொட்டி, சொட்டுநீர் ஃபில்டர் என நாலு இடம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நோடு: ஒரு ஆர்டுயினோ யூனோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), ஒரு மேக்ஸ்485 மாட்யூல் (ஆர்எஸ்-485 லைன் டிரைவர்). நாலும் வீட்டிலிருந்து 400 மீட்டர் போகிற ஒரே ஜோடி ஒயரில் தொங்குது. வீட்டில் ஐந்தாவது யூனோ ரிசீவர், அதன் அனலாக் பின்னில் லைனை வாசிக்கிறேன்.

4 சிப் வால்ஷ் கோட், அதாவது ஒரு பிட்டை நாலு +1/−1 துண்டாக (ஒரு துண்டு ஒரு சிப்) அனுப்புவது; பிட் 0 என்றால் குறிகள் தலைகீழ். நாலு நோடுக்கும் W0 முதல் W3 வரை ஆளுக்கொன்று. நொடிக்கு 10,000 சிப். பைத்தானில் ஓட்டினால் நாலு பிட்டும் பிசகாமல் பிரிந்து வருது. ஒயரில் ஒரு நோடை மட்டும் ஆன் செய்தால் அதுவும் சரி. ரெண்டாவது நோடு ஆன் ஆனதும் எல்லாம் குப்பை, மேக்ஸ்485 ஐசியும் தொட முடியாத சூடு.

கோட் தேர்வில் தப்பா? நாலையும் ஒரே நேரத்தில் தொடங்க வைக்க எளிய வழி உண்டா? இதையே பிறகு 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ மாட்யூலுக்கு மாற்ற முடியுமா?

நொய்யல்_அனலாக் (திருப்பூர்)

கோட் மேல் பழி இல்லை தம்பி. லைன் கூட்டவில்லை, அதுதான் சிக்கல். சிடிஎம்ஏவுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைக்கச் சொன்னால் இதைத்தான் வைப்பேன்: நாலு பேர் அனுப்பும் வோல்ட்டேஜும் ஒன்றோடொன்று கூடி ரிசீவருக்கு வர வேண்டும். ஆர்எஸ்-485 டிரைவர் கூட்டாது, சண்டை போடும். ஒன்று லைனை மேலே இழுக்க, இன்னொன்று கீழே இழுக்க, நடுவில் கரண்ட்தான் ஓடும். சூடு அதனால். ரெண்டும் ஒரே பக்கம் இழுத்தாலும் 2 வராது, 1 தான் வரும்.

நாலு நோடும் பிட் 1 அனுப்புவதாக வைத்து எழுதிப் பாருங்க:

W0: +1 +1 +1 +1
W1: +1 −1 +1 −1
W2: +1 +1 −1 −1
W3: +1 −1 −1 +1
கூட்டல்: 4, 0, 0, 0

பைத்தான் இந்த 4, 0, 0, 0 ஐ அப்படியே வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கோடோடும் பெருக்கிக் கூட்டினால் 4, 4, 4, 4 வரும், எல்லாம் பிட் 1. உங்கள் லைனில் முதல் சிப்பின் 4 வெறும் 1 ஆகிவிடும். மீதி மூன்று சிப்பில் எந்த டிரைவருக்குப் பலம் அதிகமோ அது ஜெயிக்கும். அந்த மூன்று பூஜ்யம்தான் கோட்களைப் பிரித்துக் கொடுக்கிற தகவல், அது தொலைந்துவிட்டது.

மாட்யூல் நாலையும் கழற்றிவிடுங்க. ஒவ்வொரு யூனோவின் டிஜிட்டல் பின்னிலிருந்தும் ஒரு 10 கிலோ ஓம் 1 சதவீத ரெசிஸ்டர் வழியாக லைனுக்கு. லைனின் இன்னொரு ஒயர் பொது கிரவுண்ட். +1 என்றால் 5 வோல்ட், −1 என்றால் 0 வோல்ட். நாலு சம ரெசிஸ்டரும் சேரும் இடத்தில் நாலின் சராசரி வரும்: 0, 1.25, 2.5, 3.75, 5 வோல்ட். 2.5 தான் உங்கள் பூஜ்யம். யூனோவின் 10 பிட் ஏடிசியில் (வோல்ட்டேஜை எண்ணாக்கும் பகுதி) ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் சுமார் 256 எண்ணிக்கை இடைவெளி, தாராளம்.

நடுவில் ஆப்-ஆம்ப் (பெருக்கி ஐசி) வேண்டாம். கையில் இருக்கிறதே என்று எல்எம்358 வைத்து 5 வோல்ட் சப்ளை கொடுத்தால் அதன் அவுட்புட் 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. மேல்பக்கம் 4 வர வேண்டிய இடத்தில் 1.6 தான் வரும், கீழ்ப்பக்கம் ஒழுங்காக வரும். சில பிட் சேர்க்கையில் மட்டும் தப்பு வருகிற வகைக் கோளாறு இது, கண்டுபிடிக்கப் பாடுபடணும். ஆப்-ஆம்ப் வேண்டியே தீரும் என்றால் அவுட்புட் சப்ளை அளவு வரை ஏறி இறங்கும் ரெயில்-டு-ரெயில் வகை எம்சிபி6002 போடுங்க.

அடுத்து வேகம். ரெண்டு இடத்தில் இடிக்குது. யூனோவில் அனலாக்ரீட் ஒரு தடவைக்கு 104 மைக்ரோ செகண்ட் எடுக்கும். உங்கள் சிப் 100 மைக்ரோ செகண்ட். சிப்புக்கு ஒரு சாம்பிள்கூடத் தேறாது. இன்னொன்று கேபிள். முறுக்கு ஜோடி ஒயருக்கு மீட்டருக்கு 50 பிகோ ஃபாரட் என்று வைத்தால் 400 மீட்டருக்கு 20 நானோ ஃபாரட். நாலு 10 கிலோ ஓம் இணையாக 2.5 கிலோ ஓம். பெருக்கினால் 50 மைக்ரோ செகண்ட். சிப்பின் நடுவில் வாசித்தால் பழைய சிப்பின் மிச்சம் 37 சதவீதம் இன்னும் லைனில் நிற்கும். மேசை மேல் அரை மீட்டர் ஒயரில் எல்லாம் ஓடி, தோப்புக்குப் போனதும் படுப்பது இதனால்தான்.

பவானி_பிட் (ஈரோடு)

நொய்யல் அண்ணன் சொன்னதோட சேத்து, சிப்பை 20 மில்லி செகண்டுக்கு இறக்கிருங்க. மெதுவா இருக்கேன்னு நினைக்காதீங்க, காரணம் இருக்குது. தோப்பில் மோட்டார் கேபிள் பக்கத்துல 400 மீட்டர் ஒயர் போனா 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறாம இருக்காது. 50 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று சரியா 20 மில்லி செகண்ட். ஒரு சிப்புக்குள்ள அரை மில்லி செகண்டுக்கு ஒண்ணு வீதம் 40 சாம்பிள் எடுத்துச் சராசரி போட்டா அந்த இரைச்சல் மேல் பாதி கீழ் பாதி கழிஞ்சு பூஜ்யம் ஆயிரும். 100, 150 ஹெர்ட்ஸும் அப்படியே போயிரும்.

கோட்: 4 சிப் வேண்டாம், 8 சிப் எடுங்க. W0 யாருக்கும் குடுக்காதீங்க. W0 எல்லாமே +1. ஏடிசியின் நடுப்புள்ளி 2.5ல இருந்து கொஞ்சம் விலகினா, சப்ளை 4.8 வோல்ட்டா இறங்கினா, அந்த மாறாத பிழை மொத்தமும் W0லதான் போய் விழும். மத்த கோடுல பாதி +1, பாதி −1, அதனால கழிஞ்சுரும். W0ஐக் காலியா விட்டா லைனின் டிசி பிழையை அளக்க அதுவே மீட்டர்.

மெதுவா நகர்ற பிழையும் உண்டு. சப்ளை ஒரு பிட் நேரத்துக்குள்ள நேர்கோடா ஏறினாலோ இறங்கினாலோ அது W4ல அதிகமா விழும், W2ல அதில் பாதி, W1ல கால்வாசி. W3, W5, W6, W7 நாலிலும் சுத்தமா பூஜ்யம். எட்டு எண்ணை எழுதிப் பெருக்கிப் பாத்தா தெரியும். உங்களுக்கு நாலு நோடுதானே, அந்த நாலையே குடுங்க:

W3: + − − + + − − +
W5: + − + − − + − +
W6: + + − − − − + +
W7: + − − + − + + −

நேரம்: 8 சிப், 160 மில்லி செகண்டுக்கு ஒரு பிட். 4 பிட் அடையாளம், 8 பிட் மட்டம், 4 பிட் சரிபார்ப்பு, மொத்தம் 16 பிட், இதுதான் ஒரு ஃபிரேம், 2.56 செகண்ட். தொட்டித் தண்ணி 2.56 செகண்டுல எவ்வளவு ஏறும்?

இனி ஒரே நேரத்துல தொடங்குறது. இதுதான் உயிர். வால்ஷ் கோட் ஒரு சிப் தள்ளிப்போனா என்ன ஆகும்னு பாருங்க. W3ஐ ஒரு சிப் தாமதிச்சா + + − − + + − − வரும். அது W2 தானுங்க. W6ஐ ரெண்டு சிப் தாமதிச்சா W4. பிட் தொடர்ந்து மாறாம இருந்தா, தாமதமான நோடு அப்படியே இன்னொரு நோடு மாதிரியே பேசும், பிழைன்னுகூடத் தெரியாது.

யூனோவில் கிடக்கிறது செராமிக் ரெசனேட்டர். அரை சதவீதம் விலகும். 200 சிப்புக்கு ஒரு சிப் நழுவும், அதாவது 25 பிட். உங்க 16 பிட் ஃபிரேம் முடியுறதுக்குள்ள அரை சிப்புக்கு மேல் போயிருக்கும். 50 பிபிஎம் (பத்து லட்சத்துல 50 பங்கு விலகும்) கிரிஸ்டல் போர்டு வாங்கினா, ரெண்டு போர்டு எதிரெதிரா விலகினாலும் 10,000 சிப்புக்கு ஒரு சிப்தான், ஆனா எந்தச் சிப் முதல் சிப்னு கிரிஸ்டல் சொல்லாது.

அதனால நாலு ஜோடி நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தா ஒரு ஜோடியை கிளாக்குக்கு ஒதுக்குங்க. அந்த ஜோடிக்குக் கழற்றின மேக்ஸ்485ஐயே போடலாம், அங்கே பேசுறது வீடு மட்டும்தான். சிப்புக்கு ஒரு 1 மில்லி செகண்ட் பல்ஸ், ஃபிரேம் தொடக்கத்துக்கு மட்டும் 3 மில்லி செகண்ட் பல்ஸ். நோடு ஒவ்வொரு பல்ஸின் ஏறும் விளிம்புல இன்டரப்ட் எடுத்து அடுத்த சிப்பைப் பின்னுல வைக்கணும். டிலே போட்டு எண்ணி, நடுவுல சீரியல் பிரிண்டும் வெச்சா நேரம் ஆடும். கேபிளின் தாமதம் மீட்டருக்கு 5 நானோ செகண்ட், போக வர 800 மீட்டருக்கு 4 மைக்ரோ செகண்ட். 20 மில்லி செகண்ட் சிப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கிளாக்குக்குத் தனி ஜோடி இல்லேன்னா எல்லா நோடும் ஒரே கரண்ட் லைனுல இருக்குறதால 230 வோல்ட்டின் ஜீரோ கிராஸிங்கை (வோல்ட்டேஜ் பூஜ்யத்தைக் கடக்குற கணம்) கிளாக்கா எடுக்கலாம். நேரா 230ல கை வைக்காதீங்க, சின்ன 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வழியா எடுங்க. அதுல மூணு கண்ணி இருக்குது. கிணத்து நோடு ஒரு பேஸ், தொட்டி நோடு இன்னொரு பேஸ்னா 120 டிகிரி, அதாவது 6.67 மில்லி செகண்ட் தள்ளிப்போகும், சிப்புல மூணுல ஒரு பங்கு. ரெண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினா 10 மில்லி செகண்ட், அரை சிப். மூணாவது, இதுவும் சிப் விளிம்பை மட்டும்தான் சொல்லும், ஃபிரேம் தொடக்கத்தைச் சொல்லாது. அதுபோக, கரண்ட் போனா கிளாக்கும் போச்சு.

ஆழியாறு_யூனோ

ரொம்ப நன்றிங்க அண்ணா. கேபிளில் காலி ஜோடி இருக்குது, கிளாக் அதில் விட்டுடறேன். ரெண்டு சந்தேகம். அனுப்ப எதுவும் இல்லாத நோடு பின்னை 0 வோல்ட்டில் வைக்கலாமா? அப்புறம் அந்த ரேடியோ கேள்வி.

நொய்யல்_அனலாக்

0 வோல்ட்டில் வைக்கக் கூடாது, அது −1. லைனில் மாறாத −1 என்பதால் W0ல் போய் விழும், மற்றவர்களுக்குக் கெடுதல் இல்லை என்று வாதிடலாம்தான். ஆனால் பிட்டின் நடுவில் நோடு அடங்கினால் அந்தப் பிட் எல்லாருக்கும் கெடும். பின்னை இன்புட் மோடுக்கு மாற்றிவிடுங்க, அதுவும் ஃபிரேம் எல்லையில் மட்டும். மாற்றும் முன் பின்னை லோ ஆக்கிவிட்டு மாற்றணும், ஹையில் இருக்கும்போது பின்மோட் இல்லாமல் ரெஜிஸ்டரில் நேராக மாற்றினால் உள் புல்-அப் (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுக்கும் ரெசிஸ்டர்) ஒட்டிக்கொள்ளும். ஒரு நோடு விலகினால் சராசரி நாலால் வகுப்பதற்குப் பதில் மூன்றால் வகுபடும், மற்றவர்களின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். குறி மாறாது, அதனால் பிட்டுக்கு ஆபத்தில்லை.

ரிசீவரில் வெறும் குறியை மட்டும் பார்க்காதீங்க. ஒரு நோடின் விடை வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே வந்தால் ‘நோடு இல்லை’ என்று எழுதச் சொல்லுங்க. ஒயர் அறுந்த நோடும் அடங்கிய நோடும் அப்போது தானாகத் தெரியும்.

சிறுவாணி_ஆர்எஃப் (கோயம்புத்தூர்)

ரேடியோ கேள்விக்கு: அந்த மலிவு 433 மெகாஹெர்ட்ஸ் ஏஎஸ்கே (ரேடியோ அலையின் பலத்தை மாற்றி பிட் அனுப்பும்) மாட்யூலில் முடியாது. அதன் ரிசீவருக்குள் வோல்ட்டேஜை 0 அல்லது 1 என்று வெட்டிவிடும் ஒரு கம்பேரேட்டர் இருக்கிறது. கூட்டல் வெளியே வருமுன்பே வெட்டுப்படும். மேக்ஸ்485 கதைதான் மறுபடியும். மென்பொருள் ரேடியோ போல வெட்டாத சாம்பிள் தரும் ரிசீவர் வேண்டும்.

அதைத் தாண்டினால் அடுத்த சுவர், அருகில் இருப்பவன் தூரத்தில் இருப்பவனை மூழ்கடிப்பது. பாடப்புத்தகத்தில் ஒரே அறையில் ஆளுக்கொரு மொழியில் பேசுவதாக உவமை சொல்வார்கள். மாணவர்களுக்கு அதைச் சொல்வதை நிறுத்தினால் நல்லது என்பது என் உறுதியான கருத்து. மொழி புரிந்தால் போதும் என்று அது நினைக்க வைக்கிறது. கோட் பிரிவது புரிதலால் இல்லை, கழிதலால். W3 ஒரு சிப்பில் பத்தில் ஒரு பங்கு தள்ளி வந்தால் அதன் பலத்தில் 10 சதவீதம் W2ல் கசியும். W3 நோடு பத்து மடங்கு பலமாகக் கேட்டால் அந்தக் கசிவே W2 நோடின் முழு அளவு. நேரப் பிழையும் பலத்தில் உள்ள வேறுபாடும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும்.

செல்போன் சிடிஎம்ஏவை வடிவமைத்தவர்கள் இதைப் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் வேறு வேறாகத் தீர்த்ததைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். ஐஎஸ்-95 தரத்தில் நொடிக்கு 12,28,800 சிப். டவரிலிருந்து போனுக்கு வரும்போது அனுப்புவது ஒரே ஆன்டெனா, எல்லாருடைய சிப்பும் ஒரே கணத்தில் கிளம்பும். அங்கே 64 வால்ஷ் கோட் பிசகாமல் வேலை செய்யும். W0 அங்கே பைலட் (போன்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் சிக்னல்), W32 நேரம் சொல்லும் சேனல். பவானி_பிட் காலியாக விடச் சொன்ன W0வை அவர்கள் அளவுகோலாகவே வைத்திருக்கிறார்கள்.

போனிலிருந்து டவருக்குப் போகும்போது ஒவ்வொரு போனும் வேறு தூரம். வால்ஷ் கோடால் ஆளைப் பிரிக்க முடியாது. அதனால் 2^42 − 1 சிப் நீளமுள்ள ஒரு நீண்ட கோடில் ஆளுக்கொரு இடத்திலிருந்து தொடங்க விட்டார்கள். அது ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 41 நாள். இதில் கழிதல் பூரணம் இல்லை, அடுத்தவர் இரைச்சலாகத் தெரிவார். 9600 பிட் வேகத்துக்கு ஒரு பிட்டுக்கு 128 சிப், அது கொடுக்கும் லாபம் 21 டெசிபல். ஆனால் ஒரு போன் 40 மீட்டரிலும் இன்னொன்று 4 கிலோமீட்டரிலும் இருந்தால் திறந்த வெளிக் கணக்கிலேயே 40 டெசிபல் வித்தியாசம். 21 எப்படி 40ஐத் தாங்கும்? அதனால்தான் டவர் ஒவ்வொரு போனுக்கும் நொடிக்கு 800 தடவை ‘கூட்டு, குறை’ என்று கட்டளை போட்டு, ஒரு டெசிபல் படியில் எல்லாரையும் ஒரே பலத்தில் வந்து சேர வைத்தது. ரிலையன்சும் டாடா இண்டிகாமும் நம் ஊரில் விற்ற சிடிஎம்ஏ போன்கள் இந்தக் குடும்பம்தான். பலக் கட்டுப்பாடு இல்லாமல் அந்த நெட்வொர்க் ஒரு நிமிஷம் ஓடியிருக்காது.

ஜிபிஎஸ் ஏன் அந்தக் கட்டளை இல்லாமல் ஓடுகிறது என்றால், எல்லாச் செயற்கைக்கோளும் 20,200 கிலோமீட்டர் உயரத்தில். யாரும் பக்கத்தில் இல்லை, பலம் ஏறக்குறைய ஒன்றே. 1575.42 மெகாஹெர்ட்ஸில் எல்லாமே ஒன்றாகப் பேசும். ஆளுக்கொரு 1023 சிப் கோல்ட் கோட் (நேரம் எப்படித் தள்ளிப்போனாலும் ஒன்றில் ஒன்று கொஞ்சமே கசியும் கோட் வகை), ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு சுற்று, ஒரு பிட்டுக்கு 20 சுற்று. ஒரு கோட் இன்னொன்றில் அதிகபட்சம் 65/1023, அதாவது 24 டெசிபல் கீழே கசியும். நம் நாவிக் செயற்கைக்கோள்களும் 1176.45 மெகாஹெர்ட்ஸில் இதே முறைதான்.

உங்கள் தோப்பில் கிளாக் ஒயர் இல்லாமல் செய்து பார்க்க ஆசை என்றால் வால்ஷை விட்டுவிட்டு கோல்ட் கோட் எடுங்க. 31 நீளத்தில் கசிவு அதிகபட்சம் 9/31. மூன்று பேர் சேர்ந்து கசிந்தால் 27/31, விளிம்பில் நிற்கிறோம். 127 நீளத்தில் 17/127, மூன்று பேருக்கு 51/127, பாதிக்கும் கீழே. 127 எடுங்க. 255ல் தேடாதீங்க, கோல்ட் கோட் செய்யத் தேவையான கோட் ஜோடி அந்த நீளத்துக்குக் கிடையாது. ஒரு எச்சரிக்கை: இந்த அளவெல்லாம் கோட் சுற்றின் நடுவில் அடுத்தவர் பிட் மாறாத வரைதான். மாறினால் கசிவு இதைத் தாண்டும், அதனால் சரிபார்ப்பு பிட்டை விட்டுவிடாதீங்க. சிப் 1 மில்லி செகண்ட் என்றால் பிட்டுக்கு 127 மில்லி செகண்ட். ரிசீவர் அரை சிப் படியில் 254 இடத்தில் தேடணும். ரெண்டு சுற்றின் சாம்பிள் வைக்க 1016 பைட், யூனோவின் 2 கேபியில் பாதி போய்விடும். ரிசீவருக்கு மட்டும் மெமரி அதிகமுள்ள இஎஸ்பி32 போர்டு வாங்கிவிடுங்க.

காங்கயம்_பேனல் (காங்கயம்)

ப்ராஜெக்டுக்கு இது நல்ல வேலை, செய்யுங்க. ஆனால் தோப்பில் நிரந்தரமாக விடுவதற்கு இது வேண்டாம் என்பேன். அதே மேக்ஸ்485, 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்), மோட்பஸ் எனும் கேள்வி-பதில் முறை. வீடு கேட்கணும், நோடு பதில் சொல்லணும். கேள்வி 8 பைட், பதில் 7 பைட், சுமார் 16 மில்லி செகண்ட். இடைவெளி எல்லாம் சேர்த்தாலும் நாலு நோடும் கால் செகண்டுக்குள் முடியும். கோட் முறையில் 2.56 செகண்ட். நாலு இடத்தையும் ஒரே கணத்தில் அளந்தாக வேண்டும் என்கிற தேவை தொட்டி மட்டத்துக்கு இல்லை.

எந்த முறையானாலும் ஒயர் வேலை ஒன்றுதான். சிக்னல் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் இழுக்காதீங்க, ஒரு அடியாவது தள்ளிப் புதைங்க. நோடின் கிரவுண்டை ஸ்டார்ட்டர் பெட்டியின் எர்த்தில் முடிச்சுப் போடாதீங்க. 7.5 எச்பி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கிணற்று எர்த்துக்கும் வீட்டு எர்த்துக்கும் இடையே எழும் வோல்ட்டேஜ் முழுக்க உங்கள் 10 கிலோ ஓம் லைனில் வந்து உட்காரும். 5 வோல்ட் அடாப்டர் ஐசொலேட்டட் (230 பக்கத்தோடு நேரடி மின் தொடர்பு இல்லாத) வகையாக இருக்கணும். ரெண்டு முனையிலும் டிவிஎஸ் டயோடு (திடீரென எகிறும் வோல்ட்டேஜை விழுங்குவது) போடுங்க, கோடை மழை இடிக்குப் பின் ஏடிசி பின்தான் முதலில் போகும். ஆர்எஸ்-485 ஜோடிக்கு ரெண்டு கடைசியிலும் 120 ஓம். ரெசிஸ்டர் கூட்டும் ஜோடிக்கு அதைப் போட்டுவிடாதீங்க, 2.5 கிலோ ஓம் மூலத்துக்கு 120 ஓம் போட்டால் சிக்னல் இருபதில் ஒரு பங்காகிவிடும்.

நொய்யல்_அனலாக்

அந்த 120 ஓம் விஷயம் முக்கியம், ரெண்டு ஜோடியும் ஒரே கேபிளில் போவதால் மாற்றிப் போட வாய்ப்பு அதிகம்.

தோப்புக்குக் கொண்டுபோகும் முன் மேசையில் இந்த வரிசையில் பாருங்க. ஒரு நோடு மட்டும் லைனில், மற்ற மூன்றும் இன்புட் மோடில்: ஸ்கோப்பில் 0, 5 என்று ரெண்டே படி. ரெண்டு நோடு: 0, 2.5, 5 மூன்று படி. நாலு நோடும் பிட் 1 என்று கட்டிவிட்டால், பவானி_பிட் கொடுத்த W3, W5, W6, W7க்கு முதல் சிப் 5 வோல்ட், இரண்டாவது சிப் 1.25, நாலாவது 2.5 என்று வரணும். எட்டையும் நீங்களே கூட்டி ஒரு தாளில் எழுதி ஸ்கோப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. படி நடுவில் குச்சி போல ஒரு மெல்லிய கூர் தெரிந்தால் ஏதோ ஒரு நோடு பிந்தி மாறுகிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது என்று தெரிந்துவிடும். படிகளே ஒழுங்கான உயரத்தில் இல்லை என்றால் ரெசிஸ்டரை மீட்டரில் அளங்க, நாலில் ஒன்று 1 கிலோ ஓமாக இருக்கும்.